வீட்டுக்கு எடுத்த மசேநி பணம்: விற்கும் நாளின் கணக்கை வாங்கும் நாளிலேயே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாங்கியதைவிட லட்சக்கணக்கில் கூடுதலாக வீட்டை விற்றும் கைக்கு ரொக்கம் வரவில்லை, எல்லாவற்றையும் சிங்கப்பூரின் மத்திய சேமநிதி (மசேநி) எடுத்துக்கொண்டது என்று சொல்பவர்கள் நம்மிடையே பலர். மசேநி எடுத்துக்கொண்டது என்பது தவறு. ரொக்கம் வரவில்லை என்பது உண்மை. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால் வீடு வாங்கும்போது எடுக்க வேண்டிய முடிவுகள் பிழையாகின்றன. அடுத்த தலைமுறையும் அதே பிழையைச் செய்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மத்திய சேமநிதி 1955ல் ஓய்வுக்கால சேமிப்பாகத்தான் தொடங்கியது. அதைக் கொண்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்கலாம் என்ற அனுமதி 1968ல் வந்தது. அன்றிலிருந்து ஒரே பணத்துக்கு இரண்டு வேலை: இன்றைக்குக் கூரை, நாளைக்குச் சோறு. வீட்டுக்காக எடுத்ததை வீடு விற்கும்போது திரும்பக் கணக்கில் வைக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். எடுத்த அசலோடு, அந்தப் பணம் மசேநியில் வீட்டுக்கு எடுக்கக்கூடிய பகுதியான சாதாரணக் கணக்கிலேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் 2.5 விழுக்காடு வட்டியையும் சேர்த்து வைக்க வேண்டும். அதுதான் திரண்ட வட்டி. அது அபராதமும் இல்லை, அரசாங்கத்துக்குப் போவதும் இல்லை. உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கே திரும்புகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 38 வயதுத் தம்பதி 500,000 வெள்ளிக்கு வீடு வாங்குகிறார்கள். வீவக கடன் 75 விழுக்காடு, அதாவது 375,000 வெள்ளி. முன்பணம் 125,000 வெள்ளியை முழுவதும் சாதாரணக் கணக்கிலிருந்தே கொடுக்கிறார்கள். கடன் வட்டி 2.6 விழுக்காடு, 25 ஆண்டுகள். மாதத் தவணை சுமார் 1,701 வெள்ளி, அதுவும் மசேநியிலிருந்தே. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் கடனில் மீதம் ஏறத்தாழ 253,000 வெள்ளி. மசேநியிலிருந்து எடுத்த அசல் 329,000 வெள்ளி. திரண்ட வட்டி ஏறத்தாழ 62,000 வெள்ளி. ஆக, விற்றால் கணக்குக்குத் திரும்ப வேண்டியது சுமார் 391,000 வெள்ளி.

இப்போது அந்த வீடு 600,000 வெள்ளிக்கு விலைபோகிறது என்று வைத்துக்கொள்வோம். கடன் 253,000 போக மிச்சம் 347,000. அது முழுவதும் மசேநிக்குப் போகிறது. அப்போதும் 44,000 வெள்ளி குறைகிறது. சந்தை விலைக்குக் குறையாமல் விற்றிருந்தால் அந்தக் குறையைக் கைப்பணத்தால் நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் 100,000 வெள்ளி கூடுதலாக விற்றும் ரொக்கம் சுழியம். 650,000 வெள்ளிக்கு விற்றால் கையில் வருவது 5,000 முதல் 6,000 வெள்ளி வரைதான். முகவர் கட்டணம் 2 விழுக்காடு என்று பேசியிருந்தால் அதுவே 13,000 வெள்ளி. வாங்கியபோது கட்டிய முத்திரைத் தீர்வை, இந்த விலைக்கு 9,600 வெள்ளி, அதையும் மசேநியிலிருந்து எடுத்திருந்தால் வட்டியோடு அதுவும் இந்தக் கணக்கில் ஏறும்.

எந்த விலையில் ரொக்கம் வரத் தொடங்கும் என்று அறிய எளிய வழி உண்டு. வாங்கிய விலையுடன் அதுவரை கடனுக்குக் கட்டிய வட்டியையும் திரண்ட வட்டியையும் கூட்டுங்கள். மேலே சொன்ன வீட்டில் பத்தாண்டுக் கடன் வட்டி சுமார் 82,500, திரண்ட வட்டி சுமார் 62,000. ஆகவே ஏறத்தாழ 644,500 வெள்ளிக்கு மேல் விற்றால்தான் ரொக்கம். முன்பணம், தவணை எல்லாமே மசேநியிலிருந்து போயிருந்தால் இந்தக் கூட்டல் எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

பலர் கணக்கில் சேர்க்காமல் விடுவது இன்னொன்று: வீட்டு மானியம். மானியம் சாதாரணக் கணக்கில் வரவு வைக்கப்பட்டு அங்கிருந்து வீட்டுக்குப் போகிறது. விற்கும்போது அதுவும் எடுத்த தொகையாகவே கணக்கிடப்பட்டு வட்டியோடு திரும்ப வேண்டும். 100,000 வெள்ளி, ஆண்டுக்கு 2.5 விழுக்காடு கூட்டுவட்டியில், பத்தாண்டில் சுமார் 128,000. இருபதாண்டில் சுமார் 163,900. இருபத்தைந்தாண்டில் சுமார் 185,400. தொடக்கத்தில் எடுக்கும் பெருந்தொகைதான் நீண்ட காலம் வட்டி ஏற்றுகிறது. மாதத் தவணையைவிட முன்பணத்தை நாம் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியது இதனால்தான்.

இதெல்லாம் நஷ்டமா? வீட்டை விற்று அடுத்த வீட்டை வாங்குபவருக்கு நஷ்டமில்லை. 650,000 வெள்ளிக்கு விற்றபோது கணக்குக்குத் திரும்பிய 391,000 வெள்ளியை அடுத்த வீட்டுக்கு மறுபடியும் பயன்படுத்தலாம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், அடுத்த வீட்டுக்கு ரொக்கமாகவே கொடுக்க வேண்டிய இடங்களில். வங்கிக் கடன் எடுத்தால் விலையில் குறைந்தது 5 விழுக்காடு ரொக்கமாக வேண்டும். 650,000 வெள்ளி வீட்டுக்கு அது 32,500 வெள்ளி. மறுவிற்பனை வீட்டின் விலை வீவக மதிப்பீட்டைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசம் முழுவதும் ரொக்கம். மதிப்பீடு, விற்பவர் விருப்ப உரிமையை, அதாவது பேசிய விலைக்கு வீட்டை வாங்கும் உரிமைப் பத்திரத்தை, கொடுத்த பிறகுதான் தெரியவரும். அதற்குள் விலை பேசி முடிந்திருக்கும். புதுப்பிப்பு வேலைக்கு மசேநியைத் தொட முடியாது. மசேநியில் நான்கு லட்சம் இருந்தும் சாவி வாங்கும் வழியில் முட்டி நிற்பது இப்படித்தான்.

அப்படியானால் தவணையை ரொக்கமாகவே கட்டிவிடலாமா என்று கேட்பார்கள். முதலில் ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்கட்டும். அதற்கு மேலும் ரொக்கம் 2.5 விழுக்காட்டுக்குக் குறைந்த வட்டியில் சும்மா கிடந்தால், தவணையில் பாதியையாவது ரொக்கமாகக் கட்டுவதில் பொருள் இருக்கிறது. மேலே சொன்ன தம்பதி பாதித் தவணையைக் கையிலிருந்து கட்டியிருந்தால், 600,000 வெள்ளி விற்பனையில் ஏறத்தாழ 71,000 வெள்ளி ரொக்கமாக வந்திருக்கும். அதை லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. பத்தாண்டில் அவர்கள் கையிலிருந்து போன 102,000 வெள்ளியின் ஒரு பகுதிதான் அது. பயன் வேறிடத்தில் இருக்கிறது: அந்த அளவுக்கு மசேநிப் பணம் வீட்டுக்குப் போகாமல் சாதாரணக் கணக்கிலேயே வளர்ந்திருக்கும்.

வீவக கடன் வாங்குவோர் சாதாரணக் கணக்கைத் துடைத்துக் காலி செய்ய வேண்டிய விதி முன்பு இருந்தது. 2018 ஆகஸ்டு முதல் ஒவ்வொருவரும் 20,000 வெள்ளி வரை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். இதைத் தவறாமல் செய்யுங்கள். "கடனைக் குறைத்தால் நல்லதுதானே" என்று அந்த இருபதாயிரத்தையும் போட்டுவிடுகிறவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கடன் வட்டி 2.6, சாதாரணக் கணக்கு வட்டி 2.5. வித்தியாசம் 0.1 விழுக்காடு. 10,000 வெள்ளியை எடுத்துக் கடனில் போட்டால் ஓராண்டில் மிச்சமாவது 10 வெள்ளி. அந்தப் பத்து வெள்ளிக்காக வேலை போனால் தாங்கும் சுவரை இடிப்பானேன்? தம்பதி இருவரும் நிறுத்தி வைத்த 40,000 வெள்ளி, 1,701 வெள்ளித் தவணையை 23 மாதங்களுக்குக் கட்டும். மேலும், 55 வயதுக்குக் குறைந்தோரின் மசேநிக் கணக்குகள் அனைத்திலும் உள்ள முதல் 60,000 வெள்ளிக்குக் கூடுதலாக 1 விழுக்காடு வட்டி உண்டு. அதில் சாதாரணக் கணக்கிலிருந்து 20,000 வரை சேரும். கணக்குகள் எல்லாம் சேர்ந்தும் 60,000ஐத் தொடாத இளையருக்கு, நிறுத்தி வைத்த பணம் உண்மையில் 3.5 விழுக்காடு ஈட்டுகிறது. 2.6 விழுக்காட்டுக் கடனை அடைக்க 3.5 ஈட்டும் பணத்தை எடுப்பது கணக்குக்கு ஒவ்வாதது. அந்தக் கூடுதல் வட்டி, ஓய்வுக்காலத்துக்கான சிறப்புக் கணக்கில் போய்ச் சேர்வதால் வீட்டுக்குக் கரையவும் கரையாது.

சிறப்புக் கணக்கு என்றதும் ஓர் எச்சரிக்கை. 4 விழுக்காடு கிடைக்கிறதே என்று சாதாரணக் கணக்கிலிருந்து சிறப்புக் கணக்குக்கு மாற்றிய பணத்தைத் திரும்ப மாற்ற முடியாது. வீட்டுக்கும் எடுக்க முடியாது. இரண்டு மூன்று ஆண்டுகளில் வீடு வாங்க எண்ணுவோர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இனி, எல்லாவற்றையும்விட அதிகம் பேருக்குத் தெரியாமல் போவது வயதுக்கேற்ப மாறும் பங்கீடு. சம்பளத்தில் சாதாரணக் கணக்குக்குப் போகும் பங்கு 35 வயது வரை 23 விழுக்காடு. அதன் பிறகு 45 வரை 21, பிறகு 50 வரை 19, பிறகு 55 வரை 15. 55ஐத் தாண்டி 60 வரை 12. 60ஐத் தாண்டினால் 65 வரை வெறும் 3.5 விழுக்காடு. நம் உதாரணத் தம்பதி ஆளுக்கு 4,000 வெள்ளி சம்பாதிக்கிறார்கள் என்று கொள்வோம். சம்பளம் உயராது என்றே வைத்து, மாதம் இருவருக்கும் சேர்த்து வரும் தொகையைப் பாருங்கள். 38 வயதில் 1,680 வெள்ளி. தவணைக்கு 21 வெள்ளிதான் குறைவு, கண்ணில் படாது. 46ல் 1,520. 51ல் 1,200, மாதம் 501 வெள்ளி குறைகிறது. 56ல் 960. 61 வயதில் 280 வெள்ளி. தவணையோ அதே 1,701. அவர்கள் கடன் முடிவது 63 வயதில். சம்பளம் உயர்ந்தால் இந்த இடைவெளி சுருங்கும், உண்மைதான். ஆனால் ஐம்பதைத் தாண்டியவர்களின் சம்பளம் ஏறுமா என்பது வேலைச் சந்தையின் கையில் இருக்கிறது. பங்கீடு குறைவதோ அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. நாற்பதை ஒட்டி வீடு வாங்குபவர் 25 ஆண்டுக் கடனை எடுக்கும்போது, 55க்குப் பிறகு எத்தனை தவணை மிஞ்சும் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

55வது பிறந்தநாளில் இன்னொன்றும் நடக்கிறது. ஓய்வுக்காலக் கணக்கு உருவாகிறது. முதலில் சிறப்புக் கணக்கிலிருந்தும், போதாவிட்டால் சாதாரணக் கணக்கிலிருந்தும் முழு ஓய்வுக்காலத் தொகை வரை அங்கே மாறிவிடும். 2025ல் 55ஐ எட்டியவர்களுக்கு அந்தத் தொகை 213,000 வெள்ளி; 2026ல் எட்டுவோருக்கு 220,400 வெள்ளி. தவணைக்கென்று சாதாரணக் கணக்கில் சேர்த்து வைத்திருந்த பணம் இப்படி ஒரே நாளில் நகர்ந்துவிட்டால், அடுத்த மாதத் தவணை ரொக்கமாகக் கேட்கப்படும். வீட்டுக் கடனுக்காக ஒரு தொகையைச் சாதாரணக் கணக்கிலேயே ஒதுக்கி வைக்கும்படி பிறந்தநாளுக்கு முன்பே மசேநி கழகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். பிறந்தநாளுக்குப் பிறகு விழித்துக்கொள்பவர்கள் அதிகம். 55க்குப் பிறகு வீட்டை விற்றால், திரும்பும் பணம் முதலில் ஓய்வுக்காலக் கணக்கின் குறையை நிரப்பும், மிஞ்சுவதைத்தான் எடுத்துக்கொள்ளலாம். வீட்டை விற்று வரும் பணத்தில் பிள்ளை கல்யாணத்தை நடத்திவிடலாம் என்று நாள் குறிப்பவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுப் பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. வீவக வீட்டுத் தவணையை மசேநியிலிருந்து கட்டுவோருக்கு அது கட்டாயம். உரிமையாளர் இறந்தாலோ நிரந்தரமாக உடற்குறை அடைந்தாலோ, காப்புறுதி செய்த பங்குக்குரிய கடனை அது அடைக்கிறது. சந்தா ஆண்டுக்கு ஒருமுறை சாதாரணக் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. கணக்கு காலியாக இருந்தால் கழிக்க முடியாது. கட்டாமல் விட்டால் காப்புறுதி காலாவதியாகும். கணக்கைத் துடைத்தெடுத்த குடும்பத்துக்கு இரட்டை அடி இது: சேமிப்பும் இருக்காது, காப்பும் இருக்காது. மசேநி கழகத்திலிருந்து வரும் கடிதங்களைப் பிரிக்காமல் அலமாரியில் வைக்காதீர்கள். கணவன் மனைவி இருவரில் யாருக்கு எத்தனை விழுக்காடு காப்பு என்பதையும் பாருங்கள். சம்பாதிப்பதில் பெரும்பங்கு ஒருவருடையது என்றால் சரிபாதிப் பிரிப்பு போதாது.

பழைய வீடுகளைத் தேடுவோர் 95 என்ற எண்ணை நினைவில் வைக்க வேண்டும். 2019 மே முதல், வீட்டின் மீதக் குத்தகை மசேநியைப் பயன்படுத்தும் ஆக இளைய உரிமையாளரின் 95 வயது வரை தாங்கினால்தான் மசேநியை முழு அளவில் எடுக்கலாம். தாங்காவிட்டால் அளவு குறையும். 20 ஆண்டுகளுக்கும் குறைவாகவே குத்தகை மிஞ்சியிருந்தால் மசேநியே கிடையாது. 1974ல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகையில் 2026ல் மிஞ்சுவது 47 ஆண்டுகள். அந்த வீட்டை முழு மசேநியோடு வாங்க ஆக இளையவருக்குக் குறைந்தது 48 வயது ஆகியிருக்க வேண்டும். முப்பது வயதுத் தம்பதி விலை மலிவென்று அதில் இறங்கினால், குறையும் பங்கை ரொக்கத்தில் ஈடுகட்ட வேண்டியிருக்கும். பின்னாளில் அந்த வீட்டை வாங்க வருபவருக்கும் இதே தடை இன்னும் இறுக்கமாக இருக்கும் என்பதால் விலையும் அதைக் காட்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் செய்யக்கூடியது உண்டு. மசேநி இணையத்தளத்தில் அரசாங்க இணைய அடையாளமான சிங்பாஸ் மூலம் நுழைந்து வீட்டு உரிமைப் பக்கத்தைத் திறந்தால், இதுவரை எடுத்த அசலும் திரண்ட வட்டியும் தனித்தனியே தெரியும். வீட்டை விற்காமலேயே அதை ரொக்கமாகத் திரும்பச் செலுத்தலாம். முழுவதுமாகவோ கொஞ்சம் கொஞ்சமாகவோ. அந்தப் பணம் சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காடு ஈட்டும், மறுபடி தவணைக்கும் பயன்படும். ஆனால் போட்டதை நினைத்தபோது ரொக்கமாக எடுக்க முடியாது. ஆகவே அவசரச் செலவுக்கான பணத்தை இதில் போட வேண்டாம். வீவக கடனிலிருந்து வங்கிக் கடனுக்கு மாற நினைப்போருக்கும் ஒரு வார்த்தை: மாறிய பிறகு அதே வீட்டுக்கு வீவக கடனுக்குத் திரும்ப முடியாது. இன்றைய வட்டி குறைவு என்பதை மட்டும் பார்க்காதீர்கள்.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். வீடு வாங்குவோர் இப்போது வீவக தரும் தகுதிக் கடிதத்தோடுதான் தொடங்குகிறார்கள். எவ்வளவு கடன், எவ்வளவு மானியம் என்பது அதில் இருக்கிறது. அதே கடிதத்தில் இன்னும் மூன்று எண்களைச் சேர்க்கலாம்: திட்டமிட்டபடி மசேநியைப் பயன்படுத்தினால் பத்தாண்டுக்குப் பிறகு கணக்குக்குத் திரும்ப வேண்டிய தொகை, ரொக்கம் வரத் தொடங்கும் விற்பனை விலை, 55 வயதில் மிஞ்சும் கடன். கணக்குப் போடத் தேவையான விவரங்கள் இரு கழகங்களிடமும் இருக்கின்றன. அதைத் தமிழிலும் தந்தால், கடிதத்தைப் பிள்ளைகளிடம் நீட்டிப் படிக்கச் சொல்லும் பெற்றோர் தாங்களே பார்த்து முடிவெடுப்பார்கள். அதுவரை உங்கள் நாளிதழ், 400,000 முதல் 700,000 வெள்ளி வரையிலான வீடுகளுக்கு இந்த மூன்று எண்களையும் கணக்கிட்டு ஒரு பக்கத்தில் அட்டவணையாக வெளியிட்டால், வெட்டி எடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்ள வாசகர்கள் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர், சிங்கப்பூர்